பிள்ளையாருக்கு 150 வாழைப்பழம்

கோயில் வாசலில் கூடை வைத்துப் பழம் விற்கும் அம்மாவிடம் நாம் எல்லோருமே பேரம் பேசியிருப்போம். அந்த வியாபாரத்துக்கு முதல் போட்டது யார் என்று யோசித்திருக்கிறோமா?

தஞ்சைப் பெரிய கோயிலில் இதற்கு ஒரு பழைய பதில் கல்வெட்டாகவே இருக்கிறது. சுமார் 1000 வருடங்களுக்கு முன்பு, ராஜராஜ சோழன் காலத்தில், அங்குள்ள பிள்ளையாருக்குத் தினமும் 150 வாழைப்பழம் படைக்க 360 காசு ஒதுக்கினார்கள். அதைப் பூட்டி வைக்கவில்லை. தஞ்சாவூர்க் கடைத்தெரு வணிகர்களிடம் முதலாகக் கொடுத்தார்கள். வட்டி, ஒரு காசுக்கு வருடம் அரைக்கால் காசு. அதாவது 12.5 சதவீதம். அந்த வட்டியைப் பழமாகச் செலுத்த வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். 360 காசுக்கு வட்டி 45 காசு. ஒரு காசுக்கு 1200 பழம். மொத்தம் 54,000 பழம். 360 நாளுக்குப் பங்கிட்டால் தினம் சரியாக 150!

பிள்ளையாருக்குப் பழம் கிடைத்தது, வணிகருக்கு முதலும் கிடைத்தது. அவர்கள் கடைக்காரர்கள், கூடைக்காரர்கள் அல்ல என்பது உண்மைதான். ஆனால் இன்றைய கூடைக்காரருக்கு யார் முதல் தருகிறார்கள்? காலையில் 900 ரூபாய் வாங்கி மாலையில் 1000 ரூபாயாகத் திருப்பும் கடனை நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். 2003-ல் தமிழக அரசு கந்துவட்டித் தடைச் சட்டம் கொண்டுவந்தது. 2020-ல் மத்திய அரசு தெரு வியாபாரிகளுக்கு 10,000 ரூபாய் கடன் திட்டம் தொடங்கியது. சோழர் காலத்தில் ஒரு வருடத்துக்கு வாங்கிய வட்டியை இன்று ஒரே நாளில் கிட்டத்தட்டப் பிடுங்கிவிடுகிறார்கள்.

அடுத்த முறை பேரம் பேசும்முன் இந்தக் கணக்கு நினைவுக்கு வரட்டும்.