மாயாவியும் பல்லுறுப்புக் கோவையும்

மேற்கு மாம்பலத்திலிருந்து துரைசாமி சுரங்கப் பாதையைக் கடந்தால் தி.நகர். சி.எஸ்.சேஷாத்ரி 1989-இல் தொடங்கிய கணிதப் பள்ளி அங்கே ஜி.என்.செட்டி சாலையில் இயங்கி வந்தது. பின்னாளில் சென்னைக் கணிதவியல் கழகமாக வளர்ந்து, 2005-இல் சிறுசேரிக்குச் சென்றது. பல்லுறுப்புக் கோவைகள் குறித்துப் பிரெஞ்சுக் கணிதர் ஸேர் 1955-இல் எழுப்பிய புகழ்பெற்ற கேள்விக்கு, இரு மாறிகள் கொண்ட கோவைகளின் அளவில் 1958-இலேயே விடை கண்டவர் சேஷாத்ரி. முழு விடை கிடைக்க 1976 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த நிரூபணத்துக்குப் படம் எதுவும் தேவைப்படவில்லை.

ஆனால் எல்லோருக்கும் அகக்கண் அப்படித் திறப்பதில்லை. 1871-இல் கிளெப்ஷ் ஆராய்ந்த முப்படிப் பரப்பின் மீது இருபத்தேழு நேர்கோடுகள் கிடக்கின்றன. அதைக் கண்ணால் காண்பதற்காக ஜெர்மானியர்கள் சுண்ணச்சாந்தில் வார்ப்பு செய்தார்கள். 1893-இல் அத்தகைய வார்ப்புகளைக் கப்பலேற்றிச் சிகாகோ கண்காட்சிக்குக் கொண்டு சென்றார் ஃபெலிக்ஸ் கிளைன்.

சாந்து செய்த வேலையைப் பிற்பாடு கணினி ஏற்றுக்கொண்டது. அந்த வரலாற்றில் சென்னைக்கும் ஓர் இடமுண்டு என்பது நம்மில் பலர் அறியாதது. ஐ.ஐ.டி. மெட்ராஸில் வான்வெளிப் பொறியியல் ஆய்வு மாணவராக இருந்த பிரபு ராமச்சந்திரன், பைத்தான் மொழியில் எழுதிய முப்பரிமாணக் காட்சி மென்பொருளை 2001-இல் இந்திய வானூர்தியியல் சங்கக் கருத்தரங்கு ஒன்றில் அறிமுகப்படுத்தினார். பெயர்: மாயாவி. யாரும் விலையின்றி எடுத்துக்கொள்ளலாம்; மூல நிரலைத் திறந்து படிக்கலாம். பாய்மங்களின் ஓட்டத்தைக் காட்டுவதற்காகப் பிறந்த கருவி அது. முத்து காமிக்ஸின் இரும்புக்கை மாயாவி மின்சாரம் பாய்ந்தால் கண்ணுக்கு மறைந்துபோவான். இந்த மாயாவியோ மறைந்திருப்பதைக் கண்ணுக்குக் கொண்டுவருகிறது.

ஒரு மாறி கொண்ட கோவையை வரைவது எளிது. சில நூறு புள்ளிகளில் மதிப்பைக் கணக்கிட்டு, அவற்றை நேர்கோடுகளால் இணைத்தால் கண்ணுக்கு அது வளைகோடு. வலிப்பு நோயாளிகளின் மூளை மின்னலைகளை ஆராய்ந்த ஜான் ஹன்டர் 2003-இல் வெளியிட்ட மேட்பிளாட்லிப் செய்வது இதைத்தான். இரு மாறிகள் என்றால் மலையும் கணவாயுமாக ஒரு பரப்பு விரியும். மூன்று மாறிகள் வந்தால் கோவையின் மதிப்பு பூஜ்யமாகும் இடங்களைத் தேடவேண்டும். வெளியைச் சிறு கனசதுரங்களாகப் பகுத்து, எதனுள் குறி மாறுகிறதோ அதனுள் முக்கோணத் துண்டுகளைப் பொருத்தும் வழியை 1987-இல் லோரென்சனும் கிளைனும் வெளியிட்டார்கள். அந்த லோரென்சன் துணைநின்று உருவாக்கிய வி.டி.கே. நூலகத்தின் மேல்தான் மாயாவி நிற்கிறது. கிளெப்ஷின் பரப்பை இன்று சில வரி நிரலில் சுழற்றிப் பார்க்கலாம்.

இங்கேதான் ஓர் எச்சரிக்கை வேண்டியிருக்கிறது. புள்ளிகளுக்கு இடையே என்ன நடக்கிறது என்று படம் பார்ப்பதில்லை; ஊகிக்கிறது. 1 முதல் 20 வரையான எண்களை மூலங்களாகக் கொண்ட கோவையை ஆங்கிலேயர் வில்கின்சன் ஆராய்ந்தார். விரித்தெழுதினால் அதன் இரண்டாம் உறுப்பின் குணகம் -210. அந்த எண்ணில் 83,88,608-இல் ஒரு பங்கை மட்டும் கூடுதலாகக் கழித்துப் பாருங்கள். இருபது மெய்மூலங்களில் பத்து சிக்கலெண்களாகிவிடுகின்றன. வரைகோடு அச்சை வெட்டும் இடங்கள் பாதியாகக் குறைகின்றன! தன் தொழில்வாழ்வில் தன்னை மிகவும் அலைக்கழித்த அனுபவமாக இதைக் கருதிய வில்கின்சன், 1984-இல் எழுதிய கட்டுரைக்குப் பல்லுறுப்புக் கோவையை நம்பிக்கைத் துரோகியாக்கித் தலைப்பிட்டார்.

ஆகவே படம் சாட்சியே தவிரத் தீர்ப்பல்ல. சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய வழி இருக்கவேண்டும். எத்தனை புள்ளிகள், எந்த இடைவெளி, எங்கே முழுமையாக்கல் என்று நிரலைத் திறந்து பார்க்க முடியாத மென்பொருளில் அந்த வழி அடைபட்டிருக்கிறது. விலையில்லாமை ஏழை மாணவனுக்கு உதவி. திறந்திருத்தல் உண்மைக்கே உதவி. சென்னை மாணவர் ஒருவர் தம் கருவிக்கு மாயாவி என்று பெயரிட்டு, அதன் வித்தை முழுவதையும் எல்லோரும் படிக்கத் திறந்து வைத்தார் என்பதை இந்த வெளிச்சத்தில்தான் பார்க்கவேண்டும். வித்தையின் சூத்திரத்தைச் சொல்லிவிட்டு வித்தை காட்டுபவர்கள் அரிது.