செவ்வியல் மொழியும் முதல்வர் நாற்காலியும்

19ஆம் நூற்றாண்டு வட இந்தியக் கிறித்தவக் கல்லூரிகளைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளையே சுற்றிவருகின்றன. அங்கே யார் படித்தார்கள்? படித்தவர்களில் எத்தனை பேர் மதம் மாறினார்கள்? மூன்றாவதாக ஒரு கேள்வி உண்டு. அங்கே யார் கற்பிக்கலாம், யார் தலைமை தாங்கலாம்? இக்கேள்வியை எழுப்பியவர்களுள் பலர் இந்தியக் கிறித்தவர்கள். கிரேக்கம், இலத்தீன், எபிரேயம், சமஸ்கிருதம் ஆகியவற்றில் புலமைதான் அந்நிறுவனங்களில் உயர்வுக்கு வழி எனச் சொல்லப்பட்டது. அவர்கள் அப்புலமையைப் பெற்றார்கள். பெற்ற பின்னும் கதவு முழுவதும் திறக்கவில்லை. மொழியியல் மாணவர்கள் இவ்வரலாற்றை மொழி கற்பித்தலின் வரலாறாக மட்டும் படித்துவிட்டு நகர்ந்துவிடுவதுண்டு. அது வேலைவாய்ப்பின் வரலாறும்கூட.

இதில் ஒரு முரண் தொடக்கத்திலேயே இருக்கிறது. முதலில் தடுக்கப்பட்டவர் இந்தியர் அல்லர், வில்லியம் கேரி. 1800இல் கல்கத்தாவில் நிறுவப்பட்ட ஃபோர்ட் வில்லியம் கல்லூரி கிழக்கிந்தியக் கம்பெனியின் இளம் அதிகாரிகளுக்கானது. ஆயினும் அதன் தலைமைப் பொறுப்பு இங்கிலாந்துத் திருச்சபைக் குருவிடமே இருக்க வேண்டும் என்பது விதி. கேரி பாப்டிஸ்ட். அதனால் 1801இல் வங்காளம் கற்பிக்க அவரை அழைத்தபோது ‘பேராசிரியர்’ என்ற பட்டம் தரவில்லை. மாதம் 500 ரூபாய் ஊதியத்தில் ‘ஆசிரியர்’ ஆக்கினார்கள். பேராசிரியர் பதவியும் 1,000 ரூபாயும் 1807இல்தான் கிடைத்தன. பின்னாளில் செராம்பூர்க் கல்லூரியை நிறுவிய மூவருள் ஒருவர், தம் சபைப் பிரிவின் காரணமாக ஒரு படி கீழே நிறுத்தப்பட்ட அனுபவம் உடையவர் என்பதை மறக்கக் கூடாது.

ஆனால் அவருக்குக் கீழே இருந்த படிகளையும் பார்க்க வேண்டும். அதே வங்காளத் துறையில் தலைமைப் பண்டிதர் மிருத்யுஞ்சய் வித்யாலங்காருக்கு மாதம் 200 ரூபாய்; ராம்ராம் பாசுவுக்கு 40. வங்காள உரைநடையின் தொடக்க நூல்களுள் குறிப்பிடத்தக்கவற்றை எழுதியவர்கள் இவ்விருவரும். கேரிக்கே அவர்கள் மொழி சொல்லித்தந்தவர்கள். ‘பண்டிதர்’ என்ற சொல் அக்கல்லூரியில் ஒரு புலமைப் பட்டமாக இருந்ததைக் காட்டிலும் ஊதியப் பட்டியலின் ஒரு நிலையாகவே இருந்தது என்பது என் எண்ணம்.

1818இல் கேரி, ஜோஷுவா மார்ஷ்மன், வில்லியம் வார்டு ஆகிய மூவரும் டேனியர் ஆட்சியிலிருந்த செராம்பூரில் கல்லூரி தொடங்கினர். ஆசியக் கிறித்தவ இளைஞர்களுக்கும் பிறருக்கும் கீழைத்தேய இலக்கியமும் ஐரோப்பிய அறிவியலும் கற்பிப்பது அதன் அறிவிக்கப்பட்ட நோக்கம். முதல் தொகுதியில் 37 மாணவர்கள். அவர்களுள் 19 பேர் கிறித்தவர்கள். சமஸ்கிருதத்துக்கு அங்கே முதன்மை இடம் இருந்தது. பிராமணப் பண்டிதனோடு அவனுடைய மொழியிலேயே வாதிடக்கூடிய கிறித்தவ அறிஞன் உருவாக வேண்டும் என்பது அவர்களுடைய கணக்கு. 1827இல் டென்மார்க் மன்னர் ஆறாம் ஃபிரடெரிக் பட்டம் வழங்கும் உரிமையை அளித்தார். 1833இல் இயற்றப்பட்ட கல்லூரி விதிகள் இன்றும் வியப்பைத் தருபவை. சாதி, நிறம், நாடு ஆகியவற்றுள் எதுவும் சேர்க்கைக்குத் தடையாகாது. திருமணம் எப்பதவிக்கும் தடையாகாது. ஆனால் கற்பிப்போரும் ஆட்சிக்குழுவினரும் கிறித்துவின் இறைத்தன்மையை ஏற்றவர்களாக இருக்க வேண்டும். படிக்க வருபவனுக்கு ஓர் அளவுகோல், கற்பிக்க வருபவனுக்கு வேறோர் அளவுகோல் என்னும் இந்தப் பிரிவினை ஒளிவுமறைவற்றது. சமய நிறுவனம் ஒன்று இப்படி விதி வகுப்பதில் நேர்மையின்மை ஏதுமில்லை. சிக்கல் எழுந்தது வேறிடத்தில்: அந்த நம்பிக்கையையும் ஏற்று, அந்த மொழிகளையும் கற்றுத் தேர்ந்த இந்தியன் வந்து நின்றபோது.

அப்படி வந்து நின்ற இடம், ஹூக்ளி ஆற்றின் மறுகரையில் சிப்பூரில் இருந்த பிஷப் கல்லூரி. கல்கத்தாவின் முதல் ஆங்கிலிக்கன் ஆயர் தாமஸ் மிடில்டன் 1820 டிசம்பரில் அதற்கு அடிக்கல் நாட்டினார். போதகர்களையும் உபதேசியார்களையும் பள்ளி ஆசிரியர்களையும் உருவாக்குவதே அதன் பணி. முதல் முதல்வர் வில்லியம் ஹாட்ஜ் மில் கேம்பிரிட்ஜில் பயின்றவர். கிறித்துவின் வரலாற்றைச் சமஸ்கிருதச் செய்யுளில் ‘கிறிஸ்த சங்கீதா’ என்னும் பெயரில் இயற்றியவர். நாடு திரும்பியபின் கேம்பிரிட்ஜில் எபிரேயப் பேராசிரியரானவர். இத்தகையவர் தலைமையில் தொடங்கிய கல்லூரியில் கிரேக்கமும் இலத்தீனும் பெயரளவுக்கு இருக்கவில்லை. பாடத்திட்டத்தின் முதுகெலும்பாகவே இருந்தன.

கிருஷ்ண மோகன் பானர்ஜி (1813–1885) இந்துக் கல்லூரியில் டெரோசியோவின் தாக்கத்தில் வளர்ந்தவர். பட்டல்டாங்காவில் டேவிட் ஹேரின் பள்ளியில் ஆசிரியராக இருந்தார். 1832இல் அலெக்சாண்டர் டஃப் கையால் ஞானஸ்நானம் பெற்றார். அதனால் அவ்வேலை போயிற்று. உடனே திருச்சபை மிஷனரிச் சங்கத்தின் பள்ளி ஒன்றின் பொறுப்பு கிடைத்தது. மதமாற்றம் ஒருவனுடைய வேலையைப் பறித்து இன்னொரு வேலையைக் கொடுக்கும் இந்தக் கணக்கு, அக்கால இந்தியக் கிறித்தவர் பலருடைய வாழ்வில் திரும்பத் திரும்ப வருவது. மதமாற்றத்தின் பொருளாதாரம் என்று இதை எழுதுவோர், பறிபோன பாதியை விட்டுவிட்டுக் கிடைத்த பாதியை மட்டும் எழுதுகிறார்கள்.

பானர்ஜி பின்னர் ஆங்கிலிக்கன் சபையில் சேர்ந்து, பிஷப் கல்லூரியில் பயின்று, 1837இல் குருப்பட்டம் பெற்றார். 13 தொகுதிகள் கொண்ட ‘வித்யாகல்பத்ரும’ என்னும் வங்காளக் கலைக்களஞ்சியத்தை 1846 முதல் வெளியிட்டார். 1852இல் பிஷப் கல்லூரியிலேயே பேராசிரியர் ஆனார். 1868 வரை அப்பணியில் இருந்தார். இந்துத் தத்துவத்தைப் பற்றிய அவருடைய உரையாடல் நூல் 1861இல் வந்தது. 1876இல் கல்கத்தாப் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ முனைவர் பட்டம் வழங்கியது. 16 ஆண்டுப் பேராசிரியப் பணி அன்றைய நிலையில் சிறிய செய்தியன்று. எனினும் முதல்வர் பதவி இங்கிலாந்திலிருந்து வந்தோரிடமே இருந்தது. பானர்ஜியின் புலமையில் குறை கண்டு அப்பதவியை மறுத்ததாக எவரும் சொல்லிவிட முடியாது. அக்கல்லூரியில் அக்கேள்வி எழுவதற்கான இடமே இல்லாதிருந்தது என்பதுதான் சரி.

அதே கல்லூரியில் 1844இல் மாணவராகச் சேர்ந்தவர் மைக்கேல் மதுசூதன் தத். முந்திய ஆண்டு பிப்ரவரியில் ஞானஸ்நானம் பெற்றதால் இந்துக் கல்லூரியை விட்டு வெளியேற நேர்ந்தது. பிஷப் கல்லூரியில் கிரேக்கமும் இலத்தீனும் சமஸ்கிருதமும் கற்றார். அவருடைய வாழ்க்கை வரலாறுகளில் ஓர் உடைப் பூசல் பேசப்படுகிறது. ஐரோப்பிய மாணவருக்கு ஓர் அங்கி, இந்திய மாணவருக்கு வேறோர் அங்கி என்றிருந்த வழக்கத்தை அவர் ஏற்கவில்லை. எல்லாருக்கும் உரிய கல்லூரி உடை, இல்லையேல் என் நாட்டு உடை என்று நின்று, பகட்டான தலைப்பாகையுடன் வந்தாராம். கேலிக்கதைபோலத் தோன்றும் இந்நிகழ்ச்சி, ஹோமரையும் விர்ஜிலையும் ஒரே வகுப்பில் அமர்ந்து படித்தவர்களை அங்கியின் நிறம் பிரித்தது என்ற செய்தியைச் சுமந்திருக்கிறது.

தந்தையின் பண உதவி நின்றபின் அவர் கல்கத்தாவில் தங்கவில்லை. 1848இன் தொடக்கத்தில் சென்னைக்கு வந்து சேர்ந்தார். அநாதைச் சிறுவர் பள்ளி ஒன்றில் துணையாசிரியர் வேலை கிடைத்தது. பின்னர் 1852இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியரானார். 1849இல் நண்பர் கௌர் தாஸ் பசாக்குக்கு எழுதிய கடிதமொன்றில் தம் அன்றாட நேர அட்டவணையைத் தருகிறார். காலையில் எபிரேயம், பிறகு நண்பகல் வரை பள்ளி, அடுத்துக் கிரேக்கம், பிற்பகலில் தெலுங்கும் சமஸ்கிருதமும், மாலையில் இலத்தீன், இரவில் ஆங்கிலம். பள்ளிக்குக் கொடுத்தது நான்கு மணி நேரம். மொழிகளுக்குக் கொடுத்தது அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். 25 வயதுத் துணையாசிரியர் ஒருவர் இவ்வளவு மொழிகளை வைத்துக்கொண்டு என்ன செய்வார் என்று அப்பள்ளி நிர்வாகிகளுக்குத் தோன்றியிருந்தால் வியப்பில்லை. பணியிடத்தில் அவை அவரை உயர்த்தவில்லை. 1856இல் கல்கத்தா திரும்பினார். 1861இல் ‘மேகநாத வத காவியம்’ வந்தது. பிஷப் கல்லூரி கற்பித்த கிரேக்கமும் இலத்தீனும் வங்காளக் கவிதைக்குள் போய்ச் சேர்ந்தன. கல்லூரியின் நோக்கத்தில் இது இடம்பெற்றிருக்கவில்லை!

பிஷப் கல்லூரிக்கு நேர்மாறான வழியை எடுத்தவர் டஃப். 1830 ஜூலையில் ராம்மோகன் ராயின் உதவியுடன் சித்பூர்ச் சாலையில் ஐந்து மாணவர்களோடு அவர் தொடங்கிய பள்ளி ஆங்கிலத்தையே கல்வி மொழியாகக் கொண்டது. அங்கு வளர்ந்தவர் லால் பிஹாரி தே. 1843இல் ஞானஸ்நானம், 1855இல் குருப்பட்டம். அவரும் உடன் பணியாற்றிய இந்தியக் குருமாரும் ஸ்காட்லாந்து மிஷனரிகளுக்கு இணையாக மிஷன் குழுவில் இடம் கேட்டார்கள். டஃப் அதற்கு உடன்படவில்லை. தம் மாணவர்களைப் பற்றி அவ்வளவு பெருமை பேசிய ஆசிரியர், அம்மாணவர்கள் மேசையின் மறுபக்கத்தில் அமர வேண்டும் என்றதும் தயங்கினார். தே 1867இல் அரசுக் கல்விப் பணிக்குப் போனார்; பெர்ஹாம்பூரிலும் பின்னர் ஹூக்ளிக் கல்லூரியிலும் கற்பித்தார். வங்காள நாட்டுப்புறக் கதைகளின் தொகுப்பை 1883இல் வெளியிட்டபோது அவர் அரசுக் கல்லூரிப் பேராசிரியர். டஃப்பைப் பற்றிய நினைவு நூலை அன்போடுதான் எழுதினார் என்பதையும் சொல்ல வேண்டும். அந்த அன்பையும் பூசலையும் ஒன்றாக வைத்துப் படிக்காத ஆய்வுகள் எனக்கு நிறைவு தருவதில்லை.

தடை எப்போதும் ஒரே திசையில் இருக்கவில்லை. சந்திரமுகி பாசு கிறித்தவர் என்பதால் இந்துப் பெண்களுக்கான பெத்தூன் பள்ளி அவரைச் சேர்க்கவில்லை. டஃப்பின் சபை நடத்திய நிறுவனம் சேர்த்துக்கொண்டது. பின்னர் விதி தளர்ந்தது. காதம்பினி பாசுவும் அவரும் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் முதல் பெண் பட்டதாரிகள் ஆயினர். 1884இல் சந்திரமுகி முதுகலைப் பட்டம் பெற்றார். 1888இல் எந்த நிறுவனம் வாசலில் நிறுத்தியதோ அதே பெத்தூன் கல்லூரிக்கு முதல்வரானார். இந்தியக் கிறித்தவர் ஒருவர், அதுவும் பெண், கல்லூரித் தலைமைக்கு வந்தது மிஷன் கல்லூரியில் அன்று. அரசின் ஆதரவில் நடந்த மதச்சார்பற்ற கல்லூரியில். உடல்நலக் குறைவால் 1891இல் ஓய்வு பெற்று டேராடூனில் வாழ்ந்தார்.

இனி டெல்லி. கேம்பிரிட்ஜ் மிஷனின் பின்னணியில் இருந்தவர் புரூக் ஃபாஸ் வெஸ்ட்காட். கிரேக்கப் புதிய ஏற்பாட்டை ஹார்ட்டுடன் சேர்ந்து பதிப்பித்தவர். பண்டைய அலெக்சாந்திரியாவில் கிரேக்கச் சிந்தனையும் கிறித்தவமும் சந்தித்ததுபோல இந்தியாவிலும் ஒரு சந்திப்பு நிகழ வேண்டும் என்று விரும்பியவர். அவருடைய பதிப்பு வெளிவந்த 1881ஆம் ஆண்டிலேயே செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரி சாந்தினி சவுக் பகுதியில் ஐந்து மாணவர்களுடன் தொடங்கியது. ஆல்நட், ரைட், ஹிபர்ட்-வேர் என முதல் மூன்று முதல்வர்களும் ஆங்கிலேயர்கள். சுஷில் குமார் ருத்ரா 1886இல் அங்கு ஆசிரியராகச் சேர்ந்த வங்காளக் கிறித்தவர். 1906இல் முதல்வர் பதவி காலியானது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் கேம்பிரிட்ஜிலிருந்து வந்திருந்த சி. எஃப். ஆண்ட்ரூஸ் அதை எளிதில் ஏற்றிருக்கலாம். வெள்ளையர் அல்லாத ஒருவரின்கீழ் ஆங்கிலேய ஆசிரியர்கள் பணியாற்றுவது முறையாகுமா என்ற தயக்கம் அக்காலச் சூழலில் இயல்பாகவே இருந்தது. ஆண்ட்ரூஸ் தமக்கு அது வேண்டாம் என்றார். 20 ஆண்டு பணியாற்றிய ருத்ராவே உரியவர் என வற்புறுத்தினார். ருத்ரா முதல்வரானார், 1923 வரை, 17 ஆண்டுகள், அப்பொறுப்பில் இருந்தார். ஆண்ட்ரூஸ் 1914இல் சாந்திநிகேதன் செல்லும்வரை அவருக்குக் கீழ்ப் பணியாற்றினார். 1915இல் டெல்லிக்கு வந்த காந்தி தங்கியது ருத்ராவின் வீட்டில்.

ஆண்ட்ரூஸின் பெருந்தன்மையைக் கொண்டாடும் எழுத்துகள் ஏராளம். அவை ருத்ராவை ஒரு பரிசு பெற்றவராக ஆக்கிவிடுகின்றன. இரண்டு பத்தாண்டுகள் ஒரே கல்லூரியில் கற்பித்தவர், வந்து இரண்டே ஆண்டுகளான ஒருவர் விட்டுக்கொடுத்ததால் பதவி பெற்றார் என்று எழுதும்போது அந்த வாக்கியத்திலேயே பழைய ஏணி நிற்கிறது. ருத்ராவுக்குப் பின் மீண்டும் ஓர் ஆங்கிலேயர், எஃப். எஃப். மங்க், வந்தார், 1926இல் எஸ். என். முகர்ஜி. அதன்பின் அவ்வரிசையில் ஆங்கிலேயர் இல்லை.

விடுதலைக்குப் பின் இக்கேள்வி நீதிமன்றத்துக்குப் போயிற்று. வடிவம் மாறிப் போயிற்று. அரசமைப்புச் சட்டத்தின் 30ஆம் பிரிவு சிறுபான்மையினருக்குக் கல்வி நிறுவனங்களை நிறுவி நிர்வகிக்கும் உரிமையைத் தருகிறது. முதல்வரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அந்நிர்வாக உரிமையின் உயிர்நாடியான பகுதி என்று கேரளக் கல்லூரி ஒன்றின் வழக்கில் 2006இல் உச்ச நீதிமன்றம் கூறியது. தகுதியுடைய ஒருவரை, பணி மூப்பைக் கடந்தும், நிர்வாகம் அமர்த்தலாம். அன்று இனம் நின்ற இடத்தில் இன்று நிர்வாகத்தின் விருப்புரிமை நிற்கிறது. இது அதே தடை என்று நான் சொல்லவில்லை. சிறுபான்மை நிறுவனத்தின் தன்னாட்சிக்கு உண்மையான தேவை உண்டு. ஆனால் 20 ஆண்டு கற்பித்துவிட்டுக் காத்திருக்கும் ஆசிரியரின் நிலையிலிருந்து பார்த்தால், மேசையின் மறுபக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதுதான் இன்றும் முடிவு செய்கிறது.

மொழிகளைப் பொறுத்தவரை, அவை தகுதிப் பட்டியலிலிருந்து போய்விட்டன. இன்று முதல்வர் பதவிக்குக் கேட்கப்படுவது முனைவர் பட்டமும் 15 ஆண்டு பணியும் ஆய்வு வெளியீடுகளும். கிரேக்கமும் எபிரேயமும் செராம்பூர்ப் பேரவையுடன் இணைந்த இறையியல் கல்லூரிகளில் இன்னும் கற்பிக்கப்படுகின்றன. சிப்பூரில் பிஷப் கல்லூரி இருந்த வளாகத்துக்கு 1880இல் பொறியியல் கல்லூரி வந்து சேர்ந்தது. அங்கே இப்போதும் நடப்பது பொறியியல் வகுப்புகள்.