நாகத்தரனும் அவன் குடும்பமும்: பேகூர்க் கல்வெட்டுகளில் உறவுச்சொற்களின் பொருள்

முன்னுரை

பெங்களூரின் வடகிழக்கில் அமைந்த காக்ஸ் டவுன், ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் பெயரைத் தாங்கிய குடியிருப்பாகும். 1809ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட படைப்பாளையத்தின் விரிவாக வளர்ந்த இப்பகுதியிலும் இதன் சுற்றுப்புறங்களிலும் தமிழர் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றனர். படைப்பாளையத்தைக் கன்னடத்தில் 'தண்டு' என வழங்குவர். தண்டு என்பது படையைக் குறிக்கும் சொல். 'தண்டெடுத்தல்', 'தண்டநாயகன்' முதலியவற்றால் தமிழுக்கும் உரியது. படையினாலேயே பெயர்பெற்ற இப்பகுதி உட்பட்ட நகரின் பெயர் முதன்முதலாக எழுத்தில் காணப்படுவதும் ஒரு போர்க்களத்தின் பெயராகவே என்பது குறிப்பிடத்தக்கது.

அப்பெயரைத் தரும் கல்வெட்டு நகரின் தென்பகுதியிலுள்ள பேகூரில், நாகேசுவரர் கோயிலில் கிடைத்தது. ஆர். நரசிம்மாசார் கண்டறிந்த இதன் காலம் ஏறத்தாழ கி.பி. 890 என்பர். இதில் இடம்பெறும் மேலைக் கங்கர் காலப் படைத்தலைவன் நாகத்தரன். இவனைப் பற்றியும் இவன் குடும்பத்தைப் பற்றியும் நமக்குக் கிடைப்பவை சில கற்களில் உள்ள சில தொடர்களே. அத்தொடர்களிலுள்ள 'மகன்', 'பட்டம்' ஆகிய சொற்களை மொழிபெயர்க்கும் முறைக்கேற்ப அக்குடும்பத்தின் வரலாறு எவ்வாறு மாறுபடுகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

போர்க்கல் கூறும் செய்தி

நாகத்தரன் இறப்பைக் கூறுவது பேகூரில் கிடைத்து, இன்று பெங்களூர் அரசு அருங்காட்சியகத்தில் உள்ள பெரிய வீரக்கல்லாகும். குதிரை வீரரும் யானைகளும் காலாட்களும் மோதும் போர்க்காட்சி இதில் புடைப்புருவமாகச் செதுக்கப்பட்டுள்ளது. இதனை ஜே. எஃப். ஃபிளீட் 'எபிகிராபியா இந்திகா' ஆறாம் தொகுதியில் பதிப்பித்தார்.

கங்கவாடி 96,000 என்னும் நாட்டை எறெயப்பன் ஆண்ட காலத்தில், அய்யப்பதேவன் என்னும் நொளம்பனுக்குத் துணையாக வீரமகேந்திரனை எதிர்த்துப் போரிட நாகத்தரன் படையுடன் அனுப்பப்பட்டான். தும்பெபாடி என்னுமிடத்தில் போர் நிகழ்ந்தது. படை தளர்ந்த வேளையில் நாகத்தரன் யானைகளை நெருங்கிப் பொருது மாண்டான். இதனைக் கேட்ட எறெயப்பன் இருகன் என்பவனுக்கு நாகத்தரப் பட்டத்தைக் கட்டி, பெம்பூர் பன்னிரண்டு என்னும் ஊர்த்தொகுதியைக் 'கல்நாடு' ஆக அளித்தான் என்பது கல்வெட்டின் சுருக்கம்.

எறெயப்பனின் மகனே, 949இல் தக்கோலப் போரில் சோழ இளவரசன் இராசாதித்தனைக் கொன்ற இரண்டாம் பூதுகன். எனவே நாகத்தரன் வாழ்ந்த அரசியல் உலகம் தமிழக வரலாற்றுக்கு அயலானதன்று.

பெம்பூர் என்பது இன்றைய பேகூர். இதன் முற்பகுதி வேப்பமரத்தைக் குறிக்கும் சொல்லெனக் கொள்ளின், தமிழ் 'வேம்பு', கன்னட 'பேவு' ஆகியவற்றொடு இயைந்து, சொல்முதல் வகரம் கன்னடத்தில் பகரமாகும் முறைக்கும் இது சான்றாகும். இவ்வூர் 'வேப்பூர்' எனவும் வழங்கப்பட்டமை இதற்கு அரணாகிறது.

பெயரா, பட்டமா?

மொழிபெயர்ப்பாளர் முதலில் நின்று நோக்க வேண்டிய இடம், இருகனுக்கு 'நாகத்தரப் பட்டம்' கட்டப்பட்டது என்பதாகும். பட்டம் என்பது இங்கு வெறும் புகழ்ப்பெயரன்று. நெற்றியில் கட்டப்படும் பொற்பட்டத்தால் குறிக்கப்படும் தகுதியும் பொறுப்புமாகும். இறந்தவன் பெயரே இருப்பவனுக்குப் பட்டமாகிறது. இருகன் நாகத்தரனின் மகனா, உடன்பிறந்தவனா, வேற்றுக் குடியினனா என்பதைக் கல்வெட்டு கூறவில்லை. கூறவேண்டிய தேவையும் அதற்கில்லை. ஊரும் படைக்கடமையும் பட்டத்தொடு சென்றன, அரசன் கட்டிய பட்டமே உரிமையை நிறுவிற்று.

இவ்வழக்கம் தமிழகத்திலும் காணப்படுவதே. கங்கர் குடியைச் சேர்ந்த இரண்டாம் பிருதிவிபதிக்கு முதற் பராந்தகன் வாணர் தலைமைக்குரிய பட்டத்தை அளித்ததைச் சோளிங்கர், உதயேந்திரச் சான்றுகள் கூறுகின்றன. 'செம்பியன் மாவலிவாணராயன்' என்ற பெயரை மட்டும் கண்டு ஒருவனை வாணர் குடியில் பிறந்தவனாகக் கருதினால் அது பிழையாகும்.

இதனால் எழும் விளைவு எளிதானதன்று. நாகத்தரன் என்னும் பெயர் இருகனுக்கும் உரியதாயின், பிற பேகூர்க் கற்களில் வரும் நாகத்தரன் தும்பெபாடியில் மாண்டவனா, அவனுக்குப் பின் அப்பெயரைப் பெற்ற இருகனா என்பது ஒவ்வொரு கல்லுக்கும் தனித்தனியே ஆராயப்பட வேண்டும். எல்லாக் கற்களையும் ஒருவனுக்கே உரியனவாகக் கொண்டு வாழ்க்கை வரலாறு எழுதுவது, பட்டத்தை இயற்பெயராக மொழிபெயர்த்ததன் விளைவாகலாம்.

'மகன்' என்னும் சொல்

பெங்களூர்ப் போரைக் கூறும் கல்லில் இருவர் பெயர் வருகின்றன: புட்டணன், பெர்போன செட்டி. புட்டணனை நாகத்தரனின் மகன் எனவும், பெர்போன செட்டியை அவன் மனைப் பணியாளன் எனவும் ஒரு சாரார் கொள்வர். புட்டணனையே நாகத்தரனின் பணியாளனாகக் காட்டும் விளக்கங்களும் அச்சில் உள்ளன.

இம்மாறுபாட்டிற்கு இடம் தருவது உறவுச்சொல்லின் இயல்பேயாகும். பழந்தமிழிலும் பழங்கன்னடத்திலும் 'மகன்' என்பது பிறப்புறவை மட்டும் சுட்டுவதன்று. தமிழில் 'ஆண்மகன்' என்பதில் ஆளையும், 'குடிமகன்' என்பதில் ஒரு குடியில் உள்ளவனையும், கோயிற் கல்வெட்டுகளின் 'பணிமகன்' என்பதில் ஊழியனையும் அது குறிக்கிறது. 'குடிமகன்' என்பதைப் பிள்ளை என்று யாரும் மொழிபெயர்ப்பதில்லை. கன்னடக் கல்வெட்டுகளிலோ, மனையொடு சேர்ந்து வரும் இத்தகைய தொடர்கள் தலைவனின் வீட்டைச் சார்ந்து வாழும் ஆளைக் குறிக்கும். தலைவனின் உணவை உண்டு, அவன் போரில் உயிர்விடக் கடமைப்பட்டவன் அவன். ஆங்கிலத்தில் இதற்கு 'வேலைக்காரன்' என்னும் பொருளுடைய சொல்லை இடுவது அந்த உறவின் நெருக்கத்தை மறைத்துவிடுகிறது. 'புதல்வன்' என்னும் பொருளுடைய சொல்லை இடுவதோ இல்லாத குருதியுறவைப் படைத்துவிடுகிறது.

தமிழக நடுகற்களும் இங்கு ஒப்புநோக்கத் தக்கன. இரா. நாகசாமி பதிப்பித்த 'செங்கம் நடுகற்கள்' (1972) முதலிய தொகுப்புகளில், இறந்த வீரன் எத்தலைவனைச் சார்ந்தவன் என்பது முதன்மை பெறுகிறது. பெற்றோர் பெயரைக் காட்டிலும் சேவகத் தொடர்பே அவனை அடையாளப்படுத்துகிறது.

தொண்டப்பை

நாகத்தரனின் மகளாக அறியப்படுபவள் தொண்டப்பை. இவள் உண்ணாநோன்பு இருந்து உயிர்நீத்ததைப் பேகூரில் உள்ள மற்றொரு கல் கூறுகிறது. சமணரின் சல்லேகனை நோன்பு இது. தமிழில் வடக்கிருத்தலொடு ஒப்பிடப்படுவது. ஆயினும் தமிழ் மொழிபெயர்ப்பில் 'வடக்கிருத்தல்' என எழுதுவதில் கருத்துடன் இருத்தல் வேண்டும். சங்க காலத்தில் அது தோல்வி, மானம், நட்பு ஆகியன பற்றிய செயலாகவும் அமைந்தது. சமணத்தில் அது வினை நீங்குவதற்கான முறைப்பட்ட துறவாகும்.

யானைப்படை முன் மாண்ட தலைவனின் பெயரும், நோன்பிருந்து மாண்ட பெண்ணின் பெயரும் ஓரூர்க் கற்களில் நிலைபெற்றுள்ளன. மகளைக் கூறும் இடத்தில் 'மகள்' என்பதற்குப் பிறப்புறவே பொருத்தமாகத் தோன்றுகிறது. ஒரே சொல்லடி ஓரிடத்தில் ஐயத்தையும் பிறிதோரிடத்தில் தெளிவையும் தருவது, அகராதிப் பொருளன்றிச் சூழலே முடிவு செய்யும் என்பதைக் காட்டும்.

சிலுவைப்போர்ப் பிரபுக்களொடு ஓர் ஒப்பீடு

கங்க நாட்டுத் தலைவர்களை ஐரோப்பிய இடைக்காலப் பிரபுக்களொடு ஒப்பிடும் வழக்கம் ஆங்கிலவழி வரலாற்றெழுத்தில் உண்டு. 1248இல் ஏழாம் சிலுவைப்போருக்குச் சென்ற பிரெஞ்சுப் பிரபு ஜுவான்வில், 1311இல் தம் முன்னோர் ஒருவர்க்குக் கிளேர்வோ மடத்தில் கல்லறை வாசகம் ஒன்றை அமைத்தார். அது தம் குடும்பத்தில் சிலுவைப்போருக்குச் சென்றோரைத் தலைமுறை வரிசையில் கூறுகிறது. அங்கு உரிமையை நிறுவுவது குருதிவழி. பேகூர்க் கல்லில் அதனை நிறுவுவது அரசன் கட்டிய பட்டம்.

மற்றொரு வேறுபாடும் உண்டு. 1095இல் கிளெர்மானில் திருத்தந்தை இரண்டாம் உர்பான் சிலுவைப்போரை அறிவித்தபோது, செல்வோர்க்குப் பாவத்திற்குரிய தண்டனைக் கழிவு உறுதிகூறப்பட்டது. போரின் நோக்கம் சமயம் சார்ந்தது. வீரக்கற்களில் வீரன் வானுலகு செல்வது அவன் களத்தில் புறங்கொடாது மாண்டமையால். எதிரியின் சமயம் அங்கு எழும் வினாவே அன்று. 'வீரசொர்க்கம்' என்பதைப் புனிதப்போர் மரணம் எனும் பொருள்பட மொழிபெயர்ப்பது இரு உலகங்களைக் கலப்பதாகும். அவ்வாறே 'கல்நாடு' என்பதற்கு ஐரோப்பிய நிலமானியச் சொல்லை இடுவதும், மாண்ட வீரன் பொருட்டுக் கல்லொடு சேர்த்து அளிக்கப்படும் நிலம் என்னும் சிறப்புப் பொருளை நீக்கிவிடுகிறது.

முடிவுரை

பேகூர்க் கற்களில் ஒருவனைக் குடும்பத்தவனாக்கும் வழிகள் மூன்றாகத் தெரிகின்றன: பிறப்பு, மனைச்சார்பு, பட்டம். தொண்டப்பை பிறப்பாலும், பெர்போன செட்டி மனைச்சார்பாலும், இருகன் பட்டத்தாலும் நாகத்தரனொடு இணைக்கப்படுகின்றனர். புட்டணனின் இடம் 'மகன்' என்னும் ஒரு சொல்லைப் பொறுத்தது.

பெங்களூரின் பெயரை வேகவைத்த பயறொடு இணைத்து, போசள மன்னன் வல்லாளன் காலத்தில் வைத்துக் கூறும் கதையை இக்கல் மறுத்துவிட்டது; 1537இல் நகரமைத்த கெம்பெ கௌடருக்கும் அது பல நூற்றாண்டு முற்பட்டது. ஊர்ப்பெயரின் தொன்மைக்காகப் பெரிதும் பேசப்படும் இக்கல், அங்கு மாண்டவர்களின் நினைவுக்காக நடப்பட்டது என்பது மறக்கத்தக்கதன்று. அவ்விருவரின் உறவுச்சொற்களை இன்றைய உறவுமுறைக்குள் அடக்காது, 'மகன்' முதலிய சொற்களை மூலவடிவிலேயே தந்து, கொள்ளக்கூடிய பொருள்களை உடன் காட்டுவதே கல்வெட்டு மொழிபெயர்ப்புக்கு ஏற்ற முறையாகும்.