துர்க்கைம் மரபு: போர்தோவிலிருந்து பிறமலை நாடு வரை

எமில் துர்க்கைமை அறிமுகப்படுத்துவோர் பெரும்பாலும் அவருடைய நான்கு நூல்களை வரிசைப்படுத்துவதோடு நின்றுவிடுகிறார்கள். சமூகவியல் ஒரு துறையாக நிலைபெற்றதற்கு அந்த நூல்கள் மட்டும் காரணமல்ல. அவர் திரட்டிய ஆய்வாளர் குழுவும் அக்குழு நடத்திய இதழும் அதே அளவு முக்கியமானவை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

துர்க்கைம் 1858இல் பிரான்சின் லொரேன் பகுதியிலுள்ள எபினால் நகரில் யூத மதகுருமார் பரம்பரையில் பிறந்தார். குலத்தொழிலை ஏற்காமல் பாரிசின் எகோல் நொர்மால் கல்லூரியில் சேர்ந்தார். பின்னாளில் சோசலிசத் தலைவரான ழான் ழோரேசும் தத்துவ அறிஞர் ஆன்றி பெர்க்சோனும் அவருடைய சமகால மாணவர்கள். 'சமூகவியல்' என்ற பெயரை ஓகுஸ்த் கோந்த் முன்பே சூட்டியிருந்தார். பல்கலைக்கழகங்களில்தான் அதற்கு இடமில்லை. 1887இல் போர்தோ பல்கலைக்கழகம் துர்க்கைமை நியமித்தபோதும், கல்வியியலோடு சேர்த்தே சமூக அறிவியலைக் கற்பிக்க வேண்டியிருந்தது.

அங்கிருந்த ஆண்டுகளில் 'சமூகத்தில் வேலைப் பிரிவினை' (1893), 'சமூகவியல் முறையின் விதிகள்' (1895), 'தற்கொலை' (1897) ஆகியவை வெளிவந்தன. மூன்றாவது நூலே அவருடைய துணிச்சலின் உச்சம். முற்றிலும் தனிமனிதத் துயரமாகத் தோன்றும் ஒரு செயலின் விகிதம் சமயம், குடும்பம், பொருளாதார நெருக்கடி ஆகியவற்றோடு சேர்ந்து மாறுகிறது என்று அவர் வாதிட்டார். அவர் நம்பிய அரசுப் புள்ளிவிவரங்களின் தரத்தைப் பிற்கால ஆய்வாளர்கள் கேள்விக்குள்ளாக்கினர். அந்தக் கேள்வி நியாயமானதே. அந்நூலுக்காக ஏறத்தாழ 26,000 தற்கொலைப் பதிவுகளை வகைப்படுத்திக் கொடுத்தவர் அவருடைய அக்காள் மகன் மார்செல் மோஸ். தலைப்புப் பக்கத்தில் ஒரு பெயர்தான் இருக்கிறது, உழைப்பு இருவருடையது.

இந்தக் கூட்டுழைப்புக்கு நிலையான வடிவம் தந்தது 1898இல் தொடங்கிய சமூகவியல் ஆண்டிதழ். உலகெங்கும் வெளியான சட்டம், சமயம், உறவுமுறை பற்றிய நூல்களை இளம் ஆய்வாளர்கள் பங்கிட்டுப் படித்து அதில் மதிப்புரை எழுதினர். 1913 வரை 12 தொகுதிகள் வந்தன. குழுவில் ஒருவரான செலஸ்தேன் பூக்லே 1908இல் சாதியமைப்பைப் பற்றிய நூலை வெளியிட்டார். பரம்பரைத் தொழில், படிநிலை, ஒருவரையொருவர் விலக்கிவைத்தல் ஆகிய மூன்றும் சேர்ந்ததே சாதி என்பது அவர் வகுத்த இலக்கணம்.

முதல் உலகப் போர் இக்குழுவைச் சிதைத்தது. 1915இல் குழுவைச் சேர்ந்த ரொபேர் எர்ட்ஸ் போர்முனையில் இறந்தார். அதே ஆண்டின் இறுதியில் துர்க்கைமின் மகன் அந்த்ரேயும் பால்கன் போர்முனையில் மாண்டார். அந்தத் துயரத்திலிருந்து மீளாத தந்தை 1917 நவம்பரில் 59 வயதில் காலமானார். இறந்தவர்களின் முற்றுப்பெறாத எழுத்துகளைப் பதிப்பிப்பதிலேயே மோசின் காலத்தில் பெரும்பகுதி கழிந்தது. 'கொடை' பற்றிய அவருடைய புகழ்பெற்ற ஆய்வு, அவர் மீண்டும் தொடங்கிய அதே ஆண்டிதழில்தான் வெளிவந்தது.

மோசின் மாணவர் லூயி துய்மோன். துர்க்கைம் ஆஸ்திரேலியாவுக்கே போகாமல் அந்நாட்டுத் தொல்குடிகளின் சமயத்தைப் பற்றி 1912இல் எழுதினார். பூக்லேயின் சாதி ஆய்வும் ஏடுகளை நம்பியதே. துய்மோனோ 1949-50இல் மதுரைக்கு மேற்கேயுள்ள பிறமலைக் கள்ளரிடையே தங்கிக் களப்பணி செய்தார். 1957இல் அவர்களைப் பற்றிய விரிவான நூலைப் பிரெஞ்சில் வெளியிட்டார். 1966இல் வந்த 'ஓமோ ஐயரார்க்கிகுஸ்' நூலில் பூக்லேயின் மூன்று கூறுகளையும் தூய்மை, தீட்டு என்ற ஒரே எதிர்நிலைக்குள் அடக்கினார். அந்த அடக்கத்தில் அரசதிகாரம் சாதியின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டது என்பதே என் மதிப்பீடு. களத்தில் கண்ட கள்ளர் வாழ்வைவிட, சமூகத்தை ஒரே கருத்தொழுங்காகப் பார்க்கும் துர்க்கைம் மரபே அதில் மேலோங்கியது. புதுக்கோட்டையின் கள்ளர் மரபு அரசை ஆராய்ந்த நிக்கலஸ் டர்க்ஸ், 1987இல் வெளியிட்ட நூலில், சாதியின் அமைப்பைத் தீர்மானித்ததில் தூய்மையைவிட அரசனுக்கும் அதிகாரத்துக்கும் முக்கிய இடமிருந்தது என்று வாதிட்டு துய்மோனை மறுத்தார்.