கட்டுச்சோறும் கூஜாத் தண்ணீரும்

"கட்டிக் கொடுத்த சோறும் சொல்லிக் கொடுத்த சொல்லும் எத்தனை நாளைக்கு?" என்று நம் பெரியோர் கேட்பது வழக்கம். பிறர் கற்பித்ததை மட்டும் நம்பி வாழ இயலாது என்பதே இப்பழமொழியின் கருத்து. எனினும் இதன் முற்பகுதியில் பழங்காலப் பயணத்தின் வரலாறும் அடங்கியிருக்கிறது. கால்நடையாகவும் மாட்டு வண்டியிலும் நெடுவழி சென்றோர் கட்டுச்சோறு எடுத்துச் சென்றனர். அது தீர்ந்தபோது வழியிலிருந்த சத்திரமும் சாவடியும் அவர்களை ஆதரித்தன. வழிப்போக்கனுக்கு நிழலும் நீரும் சோறும் அளிப்பது அறம் என்று கருதியவர்கள் கட்டி வைத்தவை அவை. பின்னர் ரயில் வந்தது. வழிப்போக்கர் ரயில் பயணி ஆனார். சத்திரத்தின் கடமையை இனி யார் ஏற்பது? இக்கேள்விக்கு விடை தேட ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. அந்தக் கதையைப் பாலாற்றுச் சமவெளியில் வேலூர், ஆம்பூர்ப் பகுதியைக் கடந்து செல்லும் ஒரு பாதையை வைத்துக் காண்போம்.

தென்னிந்தியாவின் முதல் பயணி ரயில் ஓடியது இப்பாதையிலேதான். 1856ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள், சென்னை இராயபுரத்திலிருந்து ஆர்க்காட்டுக்கு அருகிலுள்ள வாலாஜா ரோடு வரை வண்டி விடப்பட்டது. அன்று ஆளுநராக இருந்தவர் ஹாரிஸ் பிரபு. முதல் வண்டியின் பெட்டிகளைச் சென்னைச் சிம்ப்சன் நிறுவனத்தார் செய்து கொடுத்தனர். பாதை படிப்படியாக மேற்கே நீண்டது. காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி, ஜோலார்பேட்டை என்னும் ஊர்களைத் தொட்டு, 1862இல் மலையாளக் கரையிலுள்ள பேப்பூர் வரை எட்டியது. 1864இல் ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூருக்குக் கிளை பிரிந்தது. இவ்வாறு, கிழக்குக் கடலிலிருந்து மேற்குக் கடலுக்குச் செல்வோரும் மைசூர்ச் சீமைக்குச் செல்வோரும் இப்பகுதியைக் கடந்தே செல்ல வேண்டியதாயிற்று.

பாதை அமைத்த சென்னை ரயில்வே கம்பெனி இலண்டனில் பங்கு திரட்டிய நிறுவனம். போட்ட முதலுக்கு ஆண்டுதோறும் வட்டி கிடைக்கும் என்று அரசாங்கமே உறுதி கூறியிருந்தது. பயணி மகிழ்ந்தாலும் நொந்தாலும் பங்குதாரருக்கு வரவேண்டியது வந்துவிடும். மேலும், ஏழை இந்தியர் பணம் கொடுத்து ரயிலில் ஏறுவார்களா என்ற ஐயமும் அக்காலத்து அறிஞர் பலருக்கு இருந்தது. அவர்கள் எண்ணம் பொய்த்தது. யாத்திரிகரும் உழவரும் கூலித் தொழிலாளரும் சிறு வணிகரும் திரண்டு வந்து மூன்றாம் வகுப்பை நிரப்பினர். பயணிகளால் வந்த வருமானத்தில் பெரும்பகுதி அவர்கள் கொடுத்த சிறு தொகைகளால் சேர்ந்ததே. ஆனால் வண்டியின் வசதிகளோ, முதல் வகுப்பில் சென்ற ஒரு சிலரை மனத்திற் கொண்டு அமைந்தன.

மூன்றாம் வகுப்புப் பெட்டியில் மரப்பலகையே இருக்கை. படுக்க இடமில்லை. இரவெல்லாம் உட்கார்ந்தே செல்ல வேண்டும். இடம் கிடைக்காதவர் மூட்டையின்மீது அமர்வார். கோடைக் காலத்தில் இப்பகுதியின் வெப்பம் நாம் அறிந்ததே. சன்னலைத் திறந்தால் எஞ்சினின் கரித்தூள் கண்ணில் விழும். மூடினால் மூச்சுத் திணறும். மேல் வகுப்புகளுக்குக் கழிப்பறை வந்த பின்னரும் பல ஆண்டுகள் கீழ் வகுப்பினருக்கு அவ்வசதி கிட்டவில்லை. நிலையத்தில் வண்டி நிற்கும் சில நிமிடங்களுக்குள் இறங்கி ஓடித் திரும்ப வேண்டும். 1909இல் வங்காளப் பயணி ஒருவர் அவ்வாறு இறங்கியபோது கார்டு ஊதிவிட்டார். ஒரு கையில் சொம்பும் மறு கையில் வேட்டியுமாக ஓடி, பலர் முன்னிலையில் விழுந்த அவர், ரயில்வே அதிகாரிக்குக் கோபத்தோடு ஒரு கடிதம் எழுதினார். கீழ் வகுப்புப் பெட்டிகளுக்குக் கழிப்பறை வர அக்கடிதமும் ஒரு காரணம் என்பர். படிப்போர் அதன் ஆங்கிலத்தைக் கண்டு சிரிப்பதுண்டு. ஆனால் அது ஒரு மனிதன் தன் மானத்துக்காக எழுதிய முறையீடு என்பதை மறத்தல் ஆகாது.

இனி உணவுக்கு வருவோம். ரயில் வந்த பின்னும் கட்டுச்சோறு மறையவில்லை. புளிச்சோறு, எள்ளுப்பொடிச் சோறு, மிளகாய்ப்பொடி தடவிய இட்லி ஆகியவை இலையில் பொதியப்பட்டு வண்டியேறின. புளியும் நல்லெண்ணெயும் உப்பும் சோற்றை விரைவில் கெடவிடா என்பதை நம் தாய்மார் அனுபவத்தால் அறிந்திருந்தனர். குடிநீருக்குக் கூஜா. நிலையத்தில் வண்டி நின்றதும், கூஜாவும் கையுமாகக் குழாயை நோக்கி ஓடுவது அந்நாளையக் காட்சி.

இப்பகுதியின் பெருந்தொழிலாகிய தோல் பதனிடுதலும் நீண்ட பயணங்களைத் தோற்றுவித்தது. இராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிட்டனர். உப்பிட்ட பச்சைத் தோல் வடநாட்டிலிருந்தும் ரயிலில் வந்தது. பதனிட்ட தோல் சென்னைத் துறைமுகத்துக்கு ரயிலில் சென்றது. தோல் கொள்முதலுக்காகக் கல்கத்தாவுக்கும் கான்பூருக்கும் சென்ற வணிகர், பல நாட்களை வண்டியிலேயே கழிக்க வேண்டியிருந்தது. கட்டுச்சோறு ஓரிரு நாளே தாங்கும். அதன் பின் நிலையத்து உணவுச்சாலைதான் கதி.

அந்த உணவுச்சாலையிலோ, பசியைவிடச் சாதியே முதலில் விசாரிக்கப்பட்டது. சென்னை மாகாணத்து ரயில் நிலையங்களில் பிராமணருக்கு ஓர் இடம், ஏனையோருக்கு ஓர் இடம் என்று பலகை மாட்டி வைத்திருந்தனர். ஒரே வண்டியில், ஒரே பலகையில், தோளோடு தோள் உரச அமர்ந்து வந்த இருவர், பத்து நிமிடம் உணவருந்த இறங்கியதும் பிரிந்து செல்ல நேர்ந்தது. நாட்டின் பல நிலையங்களில் தண்ணீர் வழங்குவதிலும் இத்தகைய வேற்றுமை நிலவியது. ஊர்ப் பணத்தில் நடக்கும் ஒரு பொது நிறுவனம் இவ்வாறு பிரிக்கலாமா என்று பெரியார் ஈ. வெ. ராமசாமியும் சுயமரியாதை இயக்கத்தாரும் பல்லாண்டுகள் கேட்டனர். 1941இல் ரயில் நிலைய உணவுச்சாலைகளில் இப்பிரிவினை நீக்கப்பட்டது. விடுதலைக்கு முன்பே கிடைத்த இந்த வெற்றி சிறிதன்று. ஒரு பலகை கழற்றப்பட்டதால் ஒரு சமுதாயம் ஒரே பந்தியில் அமரத் தொடங்கியது.

மூன்றாம் வகுப்பின் துன்பத்தை நாடறியச் செய்தவர் காந்தியடிகள். தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பியது முதல், அவர் விரும்பியே அவ்வகுப்பில் பயணம் செய்தார். 1917இல் பம்பாயிலிருந்து சென்னைக்கு மெயில் வண்டியில் வந்தபோது பட்ட பாட்டை விரித்து எழுதினார். 22 பேர் அமரத்தக்க பெட்டியில் அதற்கு மேற்பட்டோர் நெருக்கியடித்து ஏறினர். இரண்டு இரவுகளிலும் படுக்க வழியில்லை. பெட்டி பெருக்கப்படவில்லை, கழிப்பறை கழுவப்படவில்லை. வழியில் விற்ற தேநீரும் தின்பண்டமும் வாயில் வைக்கத் தக்கனவாக இல்லை. முதல் வகுப்புக் கட்டணம் மூன்றாம் வகுப்பைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் என்றால், மூன்றாம் வகுப்பினருக்கு அந்தச் சுகத்தில் ஐந்தில் ஒரு பங்கேனும் கிடைக்க வேண்டாமா என்று அவர் கணக்குக் கேட்டார். அதே சமயம், கண்ட இடத்தில் துப்பியும் குப்பை போட்டும் பெட்டியைக் கெடுத்த பயணிகளையும் அவர் கண்டிக்கத் தவறவில்லை. சில ஆண்டுகளுக்குப் பின் ரயில்வேயைப் பற்றி ஆராய்ந்த ஆக்வொர்த் குழுவும், 1921இல் அளித்த அறிக்கையில் மக்களின் குறைகளை எடுத்துரைத்தது. நம் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார் அக்குழுவில் ஓர் உறுப்பினர்.

விடுதலைக்குப் பின், 1951இல் தெற்கு ரயில்வே உருவாயிற்று. கம்பெனிகளும் குத்தகைக்காரர்களும் நடத்திய உணவு வசதியைச் சீர்படுத்த 1954இல் ஒரு குழு அமைந்தது. அதன் தலைவர் அன்றைய ரயில்வேத் துணை அமைச்சரும் செங்கற்பட்டுப் பகுதியைச் சேர்ந்தவருமான ஓ. வி. அளகேசன். அக்குழுவின் பரிந்துரைப்படி ரயில்வே தானே நேரடியாகச் சமையல் நடத்தத் தொடங்கியது. சத்திரத்தின் கடமையை அரசாங்கம் தன் கடமையென ஏற்றுக்கொண்ட காலம் அது. 1974இல் மூன்றாம் வகுப்பு என்ற பெயரே மறைந்து, இரண்டாம் வகுப்பாயிற்று. 1977 முதல் 1979 வரை ரயில்வே அமைச்சராக இருந்த மது தண்டவதே, இரண்டாம் வகுப்பின் வெறும் பலகைப் படுக்கைக்கு மெத்தை பொருத்தச் செய்தார். இரண்டங்குல மெத்தைதான். ஆயினும் 1856 முதல் பலகையிலேயே அமர்ந்து வந்த மக்களுக்கு அது சிறு பொருளன்று.

இதன் அருமையை அறிய வேண்டுமானால் இன்று காட்பாடி நிலையத்தில் சிறிது நேரம் நின்று பார்த்தல் போதும். ஐடா ஸ்கடர் அம்மையார் 1900இல் வேலூரில் தொடங்கிய சிறு மருத்துவப் பணி, பின்னர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையாக வளர்ந்தது. இந்தியாவிலேயே முதன்முதலாக இதயத்தைத் திறந்து அறுவை மருத்துவம் செய்த பெருமை, 1959இல் அம்மருத்துவமனைக்குக் கிடைத்தது. அதன் புகழ் கேட்டு வங்காளத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் நோயாளிகள் வருகின்றனர். கல்கத்தாவிலிருந்து வருவோர்க்கு ஏறத்தாழ ஒன்றரை நாள் பயணம். குவாஹாட்டியிலிருந்து வருவோர்க்கு இரண்டு பகலும் இரண்டு இரவும் ஆகும். வேலூரின் மருத்துவமனைத் தெருக்களில் வங்க எழுத்தில் பெயர்ப்பலகைகளும் மீன்குழம்புச் சோறு வழங்கும் உணவகங்களும் தோன்றியது இவர்களால்தான்.

நலமுள்ளவருக்கு ஒரு வேளை உணவு சுவை குன்றினால் பெருங்கேடில்லை. உப்புக் குறைக்க வேண்டிய சிறுநீரக நோயாளியும், வேளை தவறாமல் உண்ண வேண்டிய நீரிழிவு நோயாளியும் இரண்டு நாள் வண்டியில் என்ன உண்பர்? தூய குடிநீரும் தூய கழிப்பறையும் அவர்களுக்கு மருந்தைப் போலவே இன்றியமையாதவை. நீரிழிவு நோயாளருக்கும் குழந்தைகளுக்கும் ஏற்ற உணவையும் அந்தந்த வட்டார உணவையும் பட்டியலில் சேர்க்க 2022 நவம்பரில் ரயில்வே வாரியம் இசைவு அளித்தது. அந்த இசைவு ஒவ்வொரு வண்டியிலும் தட்டில் சோறாக வந்து சேர வேண்டும் என்பதே நோயாளரின் எதிர்பார்ப்பு.

சமையற்பெட்டி தராத சுவையைப் பாதையோரத்து ஊர்கள் தந்ததும் உண்டு. ஆம்பூரின் பிரியாணி, சீரகச் சம்பா அரிசியில் செய்யப்பட்டு, கத்தரிக்காய்க் குழம்போடும் வெங்காயத் தயிர்ப் பச்சடியோடும் பரிமாறப்படுவது. இங்கு இறங்கி ஏறும் பயணிகள் பொட்டலமாக வாங்கிச் செல்ல, அதன் புகழும் ஊர் ஊராகச் சென்றது. கட்டுச்சோறு இன்னும் சாகவில்லை. வேறு வடிவில் வாழ்கிறது என்று கூறலாம்.

மாணவர்களே! 2022இல் சென்னைக்கும் மைசூருக்கும் இடையே தொடங்கிய வந்தே பாரத் வண்டி, குளிரூட்டிய பெட்டிகளோடு இதே பாதையில் விரைகிறது. இருக்கை தேடி உணவு வருகிறது. அதே தண்டவாளத்தில் முன்பதிவில்லாப் பெட்டிகளும் செல்கின்றன. அவற்றில் இன்றும் கதவருகே நின்றபடி, குழந்தையை இடுப்பில் வைத்தபடி செல்வோரைக் காண்கிறோம். அப்பெட்டிகள் நிற்கும் இடத்தருகே 20 ரூபாய்க்கு உணவு விற்கும் திட்டம் 2023இல் பல நிலையங்களில் தொடங்கியது. மூன்றாம் வகுப்பு என்ற பெயர் போன பின்னும் அதன் பயணி இருக்கிறார் என்பதை அத்திட்டமே ஒப்புக்கொள்கிறது எனலாம்.

ரயில்வேயின் வளர்ச்சியை வேகத்தால் அளப்பது எளிது. கடைசிப் பெட்டியில் நிற்பவருக்குக் குடிக்க நீரும், உண்ணச் சோறும், உட்கார இடமும் கிடைத்ததா என்று கேட்பது சத்திரம் கட்டிய நம் முன்னோரின் அளவுகோல். இதுவரை வந்த சீர்திருத்தங்களில் பலவும், யாரோ ஒருவர் குறையை வாய்விட்டுச் சொன்னதால் வந்தவை. ஆகவே அடுத்த முறை நீங்கள் ரயிலேறும்போது குறை கண்டால் முறையாக எழுதித் தெரிவியுங்கள். கூடவே, காந்தியடிகள் பயணிகளுக்குச் சொன்ன அறிவுரையையும் நினைவிற் கொண்டு, நீங்கள் இருந்த இடத்தைத் தூய்மையாக விட்டு இறங்குங்கள். அடுத்து அங்கே வந்து அமர்பவர், மருத்துவம் தேடி நெடுந்தொலைவு செல்லும் ஒரு நோயாளியாக இருக்கலாம்.