எட்வர்டு மர்ரோ: ஓர் ஒலிபரப்பாளரின் வரலாறு

எழுத்தில் வரும் சொல்லை, ஐயம் தோன்றினால், மீண்டும் புரட்டிப் படித்துக்கொள்ளலாம். காற்றில் வரும் சொல்லுக்கு அவ்வாய்ப்பு இல்லை; செவியில் விழுந்த அக்கணமே அது நம்பப்படுகிறது, அல்லது தள்ளப்படுகிறது. ஆகவேதான் ஒலிபரப்பில் பேசுவோருக்குப் பொறுப்பு மிகுதி. அப்பொறுப்பை வானொலியில் கற்று, தொலைக்காட்சியில் அதற்குரிய விலையையும் கொடுத்தவர் அமெரிக்கரான எட்வர்டு மர்ரோ. அரசியல் செய்தியாளர் ஒருவரால் தொலைக்காட்சியைக் கொண்டு எதைச் சாதிக்க முடியும், எவ்விடத்தில் அவர் கை கட்டப்படும் என்னும் இரண்டினையும் அவருடைய வாழ்க்கை விளக்குகிறது.

1908-ஆம் ஆண்டு ஏப்ரல் 25-ஆம் நாள், வட கரோலினா மாநிலத்தில், குவேக்கர் சமயத்தைச் சார்ந்த எளிய உழவர் குடும்பத்தில் அவர் பிறந்தார். அவருடைய சிறு வயதிலேயே குடும்பம் நாட்டின் மறுகோடியிலுள்ள வாஷிங்டன் மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தது. இளமையில் மரம் வெட்டும் முகாம்களில் வேலை செய்த அவர், வாஷிங்டன் மாநிலக் கல்லூரியில் பேச்சுக்கலை பயின்று 1930-இல் பட்டம் பெற்றார். அங்கு அவருக்கு ஆசிரியையாக வாய்த்தவர் ஐடா லூ ஆண்டர்சன். இளம்பிள்ளை வாதத்தால் உடல் நலிந்திருந்த அவ்வம்மையார், சொல்லை அளந்தும் நிறுத்தியும் எளிமையாகக் கூறும் முறையைத் தம் மாணவருக்குப் பயிற்றினார்.

ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபின், அங்கே பதவி இழந்த அறிஞர்களை அமெரிக்கக் கல்வி நிலையங்களில் அமர்த்துவதற்கென ஒரு குழு நிறுவப்பட்டது. மர்ரோ அதில் உதவிச் செயலாளராகப் பணியாற்றினார். ஐயத்தின் பேரால் ஒருவருடைய வாழ்வைப் பறிக்கும் ஆட்சி எத்தகையது என்பதை நேரில் பட்டவர்களிடமிருந்தே அறியும் வாய்ப்பு அவருக்கு அப்போது கிட்டியது. பின்னாளில் அவர் எடுத்த போருக்கு இதுவே வித்து எனலாம்.

1935-இல் கொலம்பியா ஒலிபரப்பு நிறுவனத்தில் பேச்சுப் பிரிவின் இயக்குநராகச் சேர்ந்தார். பிறரை அழைத்துப் பேசச் செய்வதே அவர் வேலை. தாமே பேசுவது அன்று. 1937-இல் அந்நிறுவனம் அவரை லண்டனுக்கு அனுப்பியபோதும் நிலை அதுவே. 1938 மார்ச்சில் ஹிட்லரின் படைகள் ஆஸ்திரியாவுக்குள் புகுந்தன. அவ்வேளையில் போலந்தில் இருந்த மர்ரோ, பெர்லினுக்குச் சென்று ஒரு விமானத்தையே வாடகைக்கு அமர்த்தி வியன்னா போய்ச் சேர்ந்தார். மார்ச் 13-ஆம் நாள், ஐரோப்பிய நகரங்கள் பலவற்றின் செய்திகளை ஒரே நிகழ்ச்சியாகத் தொகுத்து அந்நிறுவனம் ஒலிபரப்பியது. அதில் தாம் கண்டதைக் கண்டவாறு வியன்னாவிலிருந்து கூறினார் மர்ரோ. அன்று முதல் அவர் செய்தியாளரானார்.

1940-இல் லண்டன் மீது குண்டுமழை பொழிந்த இரவுகளில், கட்டடங்களின் கூரை மீது நின்று அவர் பேசிய பேச்சுகளை அமெரிக்க மக்கள் தம் இல்லங்களில் இருந்தவாறே கேட்டனர். 1943 டிசம்பரில் குண்டுவீச்சு விமானம் ஒன்றில் பெர்லின் மீது பறந்து திரும்பினார். 1945 ஏப்ரலில் புக்கன்வால்டு சிறைமுகாமைக் கண்டு வந்து, அங்கு அடுக்கிக் கிடந்த பிணங்களைப் பற்றி மிகைச்சொல் சிறிதுமின்றிப் பேசினார். அவர் குரலுக்கு அத்துணை மதிப்பு ஏற்பட்டதற்கு அந்த அடக்கமே காரணம்.

போருக்குப்பின் தொலைக்காட்சி வளர்ந்தது. 1951 நவம்பர் 18-ஆம் நாள், பிரெடு பிரெண்ட்லி என்பவருடன் இணைந்து ‘சீ இட் நவ்’, அதாவது ‘இப்பொழுதே காண்பீர்’ என்னும் வார நிகழ்ச்சியை மர்ரோ தொடங்கினார். அட்லாண்டிக், பசிபிக் ஆகிய இரு கடற்கரைகளையும் ஒரே நேரத்தில் நேயர்களுக்குக் காட்டியது அதன் முதல் நாள் புதுமை.

அக்காலத்தில் அமெரிக்காவை ஓர் அச்சம் பற்றியிருந்தது. அரசு அலுவலகங்களில் கம்யூனிஸ்டுகள் ஒளிந்திருப்பதாக 1950 பிப்ரவரியில் முழங்கிய செனட்டர் ஜோசப் மக்கார்த்தி, விசாரணை என்னும் பெயரால் பலருடைய நற்பெயரைக் குலைத்து வந்தார். சான்று கேட்டவரே ஐயத்துக்கு ஆளாயினர். கொலம்பியா நிறுவனமும் 1950 இறுதியில் தன் ஊழியர் அனைவரிடமும் விசுவாசப் பத்திரத்தில் கையொப்பம் கேட்டது. மர்ரோவும் கையொப்பமிட்டார். நண்பர் சிலர் அதற்காக அவர்மீது வருந்தினர்.

1953 அக்டோபரில் அவர் வாய் திறந்தார். மைலோ ராடுலோவிச் என்னும் விமானப்படை ரிசர்வு லெப்டினண்டைப் பதவியிலிருந்து நீக்க முயற்சி நடந்தது. அவர்மீது குற்றம் ஏதும் இல்லை. தந்தையும் சகோதரியும் ஐயத்துக்குரியவர்கள் என்பதே காரணம். சான்று ஒரு மூடிய உறையில் இருந்தது. அதை அவரும் காணவில்லை, அவருடைய வழக்கறிஞரும் காணவில்லை. அக்குடும்பத்தாரையும் ஊராரையும் மர்ரோ திரையில் பேசச் செய்தார். நிறுவனம் விளம்பரத்துக்குப் பணம் தர மறுத்தமையால், அவரும் பிரெண்ட்லியும் தம் கைப்பணம் 1,500 டாலர் கொடுத்து நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் விளம்பரம் செய்தனர். அடுத்த மாதமே விமானப்படை தன் முடிவை மாற்றிக்கொண்டது.

1954 மார்ச் 9-ஆம் நாள் மக்கார்த்தியைப் பற்றிய அரைமணி நேர நிகழ்ச்சி வெளிவந்தது. மர்ரோ கையாண்ட முறை எளியது. செனட்டரின் பேச்சுகளையும் விசாரணைகளையும் படச்சுருள்களிலிருந்து எடுத்துக் காட்டி, ஒவ்வொன்றின் அருகிலும் மெய்ச்செய்தியை வைத்தார். மாற்றுக் கருத்தை நாட்டுத் துரோகமாக மயங்கலாகாது. குற்றம் சாட்டுவது குற்றத்தை மெய்ப்பிப்பதாகாது என்பதே அவர் முடிவுரையின் சாரம். அந்த அச்சத்தை மக்கார்த்தி உண்டாக்கவில்லை, அதைப் பயன்படுத்திக் கொண்டார் என்று கூறி, பொறுப்பை நாட்டு மக்கள் எல்லோர்மீதும் சார்த்தினார். வந்து குவிந்த கடிதங்களிலும் தந்திகளிலும் பெரும்பாலானவை மர்ரோவுக்கே ஆதரவாக இருந்தன. பதிலளிக்க இடமளித்தபோது, ஏப்ரல் 6-ஆம் நாள் மக்கார்த்தி மர்ரோவையே கம்யூனிஸ்டுச் சார்பினர் எனத் தூற்றினார். அவ்வாண்டு டிசம்பர் 2-ஆம் நாள் செனட் சபை 67-க்கு 22 என்ற வாக்குகளால் மக்கார்த்தியைக் கண்டித்தது.

அவ்வீழ்ச்சியை மர்ரோ ஒருவரின் செயலாகக் கூறுவது வரலாறாகாது. பத்திரிகையாளர் பலர் அவருக்கு முன்னரே எழுதியிருந்தனர். இராணுவத்தோடு மக்கார்த்தி மோதிய விசாரணை பின்னர்த் தொலைக்காட்சியில் நாள்தோறும் காட்டப்பட்டது. மேலும், மக்கார்த்தியை விரும்பாத கில்பர்ட் செல்டஸ் போன்ற திறனாய்வாளர்களே ஒரு கேள்வி எழுப்பினர்: தேர்ந்தெடுத்த படத்துண்டுகளால் ஒருவரை வீழ்த்தும் இக்கருவி நாளை வேறொருவர் கையில் யாரை வீழ்த்தும்? இக்கேள்விக்கு விடை இன்றும் எளிதன்று.

வென்றவருக்குப் பரிசு கிடைத்ததா? 1955-இல் அலுமினிய நிறுவனம் தன் விளம்பர ஆதரவை விலக்கிக்கொண்டது. அவ்வாண்டு ஜூனில் 64,000 டாலர் பரிசுடைய வினா-விடை நிகழ்ச்சி ஒன்று தொடங்கி மக்களை மயக்கிற்று. மாலை நேரத்தின் விலை ஏறியது. வாரந்தோறும் வந்த ‘சீ இட் நவ்’ எப்போதாவது வருவதாகி, 1958 ஜூலையில் நின்றே போயிற்று. அவ்வாண்டு அக்டோபரில் ‘சிறிய உலகம்’ என்னும் புது உரையாடல் நிகழ்ச்சியில், டில்லியிலிருந்த நம் பிரதமர் நேருவையும் வேறு நாடுகளிலிருந்த இருவரையும் ஒருங்கே பேசச் செய்தார் மர்ரோ. அதே மாதம் சிகாகோவில் ஒலிபரப்பாளர் கூட்டத்தில், கற்பிக்கும் உறுதி மனிதருக்கு இல்லையேல் தொலைக்காட்சி வெறும் கம்பியும் விளக்கும் அடங்கிய பெட்டியே என்று தம் முதலாளிகளின் காதில் விழுமாறு எடுத்துரைத்தார்.

அவருடைய கடைசிப் பெரும் படைப்பு 1960 நவம்பர் 25-ஆம் நாள், அமெரிக்கர் நன்றித் திருநாள் விருந்துண்ட மறுநாள், வெளிவந்தது. பயிர் விளையும் பருவத்தைப் பின்தொடர்ந்து ஊர் ஊராகச் செல்லும் விவசாயக் கூலிகளின் வறுமையை அது காட்டிற்று. நிலையான முகவரி இல்லாதவனுக்கு ஊரில் குரல் இல்லை என்பதைப் பிழைப்பைத் தேடி ஊர் விட்டவர்கள் எந்நாட்டிலும் அறிவர்.

அதன்பின் நேர்ந்ததே அவர் வாழ்க்கையின் முரண். 1961-இல் குடியரசுத் தலைவர் கென்னடி அவரை அரசாங்கத் தகவல் துறையின் தலைவராக அமர்த்தினார். நாட்டின் நற்பெயரைக் காப்பது இப்போது அவர் கடமை. அக்கூலிகளைப் பற்றிய படத்தை பி.பி.சி. திரையிடவிருந்தபோது, காட்ட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். பி.பி.சி. இணங்கவில்லை; படம் காட்டப்பட்டது.

சிகரெட்டும் நுரையீரல் புற்றுநோயும் பற்றி 1955-இலேயே நிகழ்ச்சி நடத்திய மர்ரோ, தாம் புகைப்பதை நிறுத்தவில்லை. அந்நோயினாலேயே 1964-இல் பதவி விலகி, 1965 ஏப்ரல் 27-ஆம் நாள் காலமானார். வயது 57.

ஐயத்துக்கு அஞ்சிக் கையொப்பமிட்டவரும், மூடிய உறையைத் திறக்கச் சொன்னவரும், தம் படத்தையே மறைக்க முயன்றவரும் ஒரே மனிதர். அரசாங்க நாற்காலியிலிருந்து வந்த வேண்டுகோளை, அது மர்ரோவிடமிருந்தே வந்ததாயினும், ஓர் ஒலிபரப்பு நிலையம் மறுத்துவிட்டது. லண்டன் கூரையிலும் நியூயார்க் நிலையத்திலும் நின்று அவர் கற்பித்த பாடத்தை அந்நிலையம் நன்கு படித்திருந்தது என்றே கொள்ள வேண்டும்.