தோட்டப்புறங்களை எட்ட வேண்டிய மேகக் கணிமை

சமூக வலைத்தளங்களும் மேகக் கணிமையும் இன்று கல்விக்கும் வணிகத்துக்கும் பொதுவான கருவிகளாகிவிட்டன. கோப்புகளை நமது கணினியிலன்றித் தொலைவிலுள்ள சேவையகங்களில் சேமித்து, வேண்டியபோது இணையத்தினூடாகப் பயன்படுத்துவதே மேகக் கணிமையாகும். 2012இல் வந்த கூகுள் டிரைவும் 2014இல் வந்த கூகுள் கிளாஸ்ரூமும் இம்முறையைச் சாதாரண மக்களிடம் கொண்டு சேர்த்தன. ஆயினும் கஹவத்தை போன்ற பகுதிகளின் லயன் அறைகளில் வாழும் மாணவர்களுக்கு இவை எவ்வளவு தூரம் பயன்படுகின்றன என்பது சிந்தனைக்குரியதாகும்.

2020 மார்ச் மாதத்தில் கொரோனா தொற்றுக் காரணமாக நாட்டின் பாடசாலைகள் மூடப்பட்டபோது, கற்பித்தல் ஒரே நாளில் வட்ஸ்அப் குழுக்களுக்கும் சூம் வகுப்புகளுக்கும் இடம்பெயர்ந்தது. பல்கலைக்கழக மாணவர்களுக்குக் கட்டணமின்றி இணையவழி விரிவுரைகளில் இணையும் வசதி கிடைத்தது. பாடசாலை மாணவர்களுக்கோ அவ்வாறான ஏற்பாடு பரவலாகக் கிட்டவில்லை. 2021இல் பதுளை மாவட்டத்தின் லுணுகலைப் பகுதியில் மாணவர்கள் சமிக்ஞை தேடி மலையேறிய காட்சி உலக ஊடகங்களில் வெளிவந்தது. ஒரு கைத்தொலைபேசியை மூன்று பிள்ளைகள் பகிர்ந்துகொள்ளும் வீட்டில், தாயும் தந்தையும் வேலை முடிந்து திரும்பும்வரை நேரடி வகுப்பு என்பது எட்டாக்கனியே.

எனவே, கருவியின் புதுமையைவிட அதன் பொருத்தமே முதன்மையானது. ஒரு மணிநேரக் காணொளி வகுப்பைவிட ஐந்து நிமிடக் குரல் விளக்கமும் ஒரு பக்க வினாத்தாளும் குறைந்த டேட்டாவில் சென்றடையும்; பிள்ளை இரவிலும் அதனைத் தரவிறக்கிப் படிக்கலாம். கல்வி அமைச்சின் 'ஈ-தக்சலாவ' தளத்திலுள்ள பாடங்களை ஆசிரியர் பாடசாலையில் தரவிறக்கி, நினைவட்டை மூலம் பகிரவும் முடியும். மாணவரின் புள்ளிகளையும் புகைப்படங்களையும் குழுக்களில் பகிரங்கமாக இடுவது தவிர்க்கப்பட வேண்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இத்தகைய தகவல்களின் முக்கியத்துவத்தை வலியுறுத்துகின்றது.

வணிகத் துறையிலும் மாற்றம் கண்கூடானது. 1883இல் தொடங்கி, குரலெழுப்பிக் கேள்வி கூறும் முறையில் நடைபெற்றுவந்த கொழும்புத் தேயிலை ஏலம், 2020 ஏப்ரலில் இணையவழிக்கு மாறியது. சப்ரகமுவ மாகாணத்தின் தாழ்நிலத் தேயிலையும் இந்த ஏலத்திலேயே விலைபோகின்றது. ஆயின், தேயிலை விற்கும் மேடை மாறிய வேகத்தில் கொழுந்து பறிப்பவரின் வீட்டு நிலைமை மாறவில்லை. அவர்களது பிள்ளைகள் தையல், கறுவா, மிளகு, வீட்டுப் பலகாரம் எனச் சிறுதொழில் தொடங்கினால், 2018இல் வெளிவந்த வட்ஸ்அப் பிஸ்னஸ் செயலியில் பொருட்பட்டியலை இட்டு விற்கலாம். வரவு செலவை கூகுள் ஷீட்ஸில் குடும்பத்தினர் இணைந்தே பதியலாம்.

ஆனால் ஒரே தளத்தை நம்பியிருப்பது ஆபத்தானது. 2018 மார்ச், 2019 ஏப்ரல், 2022 ஏப்ரல் ஆகிய காலங்களில் இலங்கையில் சமூக வலைத்தளங்கள் முடக்கப்பட்டன. முகநூலை மட்டுமே கடையாகக் கொண்டவர்களுக்கு அந்நாட்களில் கடை பூட்டப்பட்டதற்கு ஒப்பாகும். வாடிக்கையாளரின் தொலைபேசி எண்களைக் கொப்பியிலும் எழுதி வைப்பது இதனாலேயே அவசியமாகின்றது.

மேகமும் பாதுகாப்பான பெட்டகம் அன்று. 2023 ஆகஸ்டில் இலங்கை அரசின் மேகக் கணிமைக் கட்டமைப்பு கப்பம் கோரும் தீநிரலால் தாக்கப்பட்டது. காப்புப் பிரதிகளும் பாதிக்கப்பட்டமையால், அவ்வாண்டு மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் இழக்கப்பட்டன. அரசுக்கே நேர்ந்த இந்த அனுபவம், முக்கிய ஆவணங்களுக்கு இணையத்துடன் தொடர்பற்ற மற்றொரு பிரதியும் தேவை என்பதை உணர்த்துகின்றது. கடவுச்சொல்லுடன் இரட்டைச் சரிபார்ப்பையும் இயக்கி வைப்பது நன்று.

தோட்டப் பாடசாலைகளுக்குத் தடையற்ற இணைப்பும், ஆசிரியர்களுக்குத் தமிழ்மொழியில் பயிற்சியும், பெற்றோருக்குக் கட்டுபடியான டேட்டாவும் வழங்கப்படும்போதே இத்தொழில்நுட்பம் முழுப்பயன் தரும். இல்லையேல், லயன் அறையிலுள்ள பிள்ளைக்கும் நகரத்துப் பிள்ளைக்கும் இடையிலான இடைவெளியை அதுவே மேலும் அகலப்படுத்திவிடும். இதனை உரிய தரப்பினர் கருத்திற்கொள்வது காலத்தின் தேவையாகும்.